தங்கத்தாய் பார்த்த சிவப்புத் தகடு

கொக்கிரகுளத்தில் ஆற்றுப்பாலம் தொடங்குகிற மூலையில், கலெக்டர் கச்சேரிக்குப் பாதை பிரிகிற இடத்தில், தங்கத்தாய் வெற்றிலைக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் நாலு மூங்கில் கம்பு, மேலே ஒரு ஓலைத் தட்டி, கீழே ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, ஓலைக் கொட்டானில் பாக்கு, மண்கலயத்தில் சுண்ணாம்பு. அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தான். வாரம் இரண்டு தடவை ரயிலில் இலைக்கட்டோடு வந்து இறக்கிவிட்டுப் போவான்.

பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற எந்த வண்டியும் அந்தப் பாலத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். பாலத்தின் முகப்பில் பாதை சற்று மேடு. மாடுகள் அங்கே தயங்கும். அந்த நேரத்தில், சாக்கில் உட்கார்ந்திருக்கும் தங்கத்தாயின் கண்ணுக்கு நேராக வருவது வண்டியின் பின்பலகைதான். பின்பலகையில் முனிசிபாலிட்டி வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சின்னத் தகடு அடித்திருக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அவள் பார்த்தது அந்தத் தகடுகளைத்தான். பார்க்க வேண்டும் என்று பார்த்ததல்ல. கண் முன்னால் அதுதான் போனது.

முதலில் அவளுக்குப் பிடிபட்டது நிறம். ஒரு சித்திரை மாதத்தில், முந்தின வாரம்வரை பச்சையாக இருந்த தகடுகள் ஒன்றொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தன. பத்து நாளில் பச்சையே இல்லை. ஐப்பசி வாக்கில் நீலம் போய் மஞ்சள் வந்தது. இது ஏன் என்று வண்டிக்காரர்களைக் கேட்டாள். ஒருவன், புது துரைக்கு மஞ்சள்தான் பிடிக்கும் என்றான். இன்னொருவன், பெயிண்டு தீர்ந்துபோயிருக்கும் என்றான். மூன்றாவது ஆள் வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு, “தகடு கேட்டா குடுக்கான், வாங்கி அடிக்கோம். நிறத்தைக் கேட்டு நமக்கு என்ன ஆவப்போவுது?” என்று போய்விட்டான்.

சங்கிலிபூதத்தானும் அதையேதான் சொன்னான். “வெத்திலை வித்தமா, வீட்டுக்கு வந்தமான்னு இரேன். வண்டிக்குப் பின்னால என்னத்தைத் தேடுத நீ?”

“தேடலே. தெரிஞ்சுக்கிடணும்னு இருக்கு.”

இரண்டு வருஷம் பார்த்ததில் அவளே ஒரு மாதிரி கணக்குப் போட்டுவிட்டாள். நிறம் அரை வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. எல்லா வண்டிக்கும் ஒரே சமயத்தில் மாறுகிறது. ஆனால் தகட்டின் வடிவம் மாறுவதில்லை. சில வண்டிக்கு வட்டம், சில வண்டிக்குச் சதுரம். சில பாரவண்டிகளுக்கு வட்டமும் உண்டு, சதுரமும் உண்டு. ஜட்காவுக்கு மட்டும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. வில்வண்டியில் அந்தக் கோடு இல்லை.

நேசையா என்கிற குமாஸ்தா பாளையங்கோட்டை முனிசிபல் ஆபீசில் வண்டி வரி பார்த்தவர். மாதத்தில் நாலைந்து நாள் குடையும் நோட்டுமாகப் பாலத்தடியில் நின்று தகடுகளைச் சரிபார்ப்பார். சர்ச்சுக்குத் தவறாமல் போகிற மனிதர். வெற்றிலை போடுவது அவர் மனைவி சாரம்மாளுக்குப் பிடிக்காது. அதனால் தங்கத்தாயிடம் வாங்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்முன் ஆற்றில் இறங்கி வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போவார். அவரிடம்தான் ஒருநாள் கேட்டாள்.

“ஐயா, வட்டத் தகடு நம்ம பாளையங்கோட்டை. சதுரம் திருநெல்வேலி டவுன்காரங்க குடுக்கது. ரெண்டு ஊருலயும் ஓட்டுதவன் ரெண்டையும் அடிச்சிக்கிடணும். நிறம் எந்த அரை வருசத்து வரின்னு காட்டுது. கோடு போட்டது வாடகை வண்டி. சரியா இருக்கா?”

நேசையா குடையை மடக்கினார். “யார் சொல்லித் தந்தா உனக்கு?”

“ஒருத்தரும் சொல்லலே. கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ.”

“எல்லாம் சரிதான். நிறம் எதுக்குத் தெரியுமா? நான் ஒவ்வொரு வண்டியா நிறுத்தி நம்பரை வாசிச்சுக்கிட்டு இருக்க முடியாதுல்லா? தூரத்துல வரும்போதே பழைய நிறமா புது நிறமான்னு கண்டுபிடிச்சிரலாம்.”

“சில பேரு பழைய தகடுமேல புது நிறத்தை அடிச்சிட்டுப் போவுதாவளே, அதைக் கண்டுபிடிச்சிருவீங்களா?”

நேசையா நிமிர்ந்தார். “எவன் அது?”

“அது சொல்ல மாட்டேன். ஒருத்தன் வயித்துல அடிக்கதுக்கா நான் இங்கன உக்காந்திருக்கேன்? பெயிண்டு தடிப்பா இருக்கும், ஓரத்துல பழைய பச்சை எட்டிப் பாக்கும். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து தகடு பார்க்க வரும் நாளில் கால்மணி நேரமாவது அவளிடம் பேசாமல் போகமாட்டார். எழுத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவள் தலையாட்டினாளே தவிர படிக்க உட்காரவில்லை. எழுத்து இல்லாமலே எண்களை அடையாளம் வைத்துக்கொள்ள அவளிடம் வேறு வழி இருந்தது. ஒன்று என்றால் கம்பு. இரண்டு வாத்து. ஆறு நத்தை. ஏழு அரிவாள். எட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரண்டு பணியாரம். ஒன்பது தொங்கவிட்ட கரண்டி. ‘வாத்து, கம்பு, கரண்டி’ என்று சொன்னால் எந்த வண்டி, யார் ஓட்டுகிறான், மாட்டுக்கு எந்தக் கொம்பு வளைந்திருக்கும் என்பது வரை அவளுக்கு நினைவு வரும்.

மோட்டார் கார்கள் அந்தப் பக்கத்துக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. பதினாலாம் வருஷத்து யுத்தம் தொடங்கின மறு வருஷம் அவள் எண்ணிப் பார்த்ததில் பாலத்தைக் கடக்கிற கார்கள் ஐந்து. ஐந்துக்கும் கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எண்ணுக்கு முன்னால் ஒரே மாதிரி ஒரு எழுத்து, இரண்டு சிறு குன்றுகள் ஒட்டி நிற்பதுபோல. குன்றை அங்கே பொத்தை என்பார்கள். அந்த எழுத்துக்கு அவள் வைத்த பெயர் ரெட்டைப் பொத்தை. சித்திரை வந்தது, ஐப்பசி வந்தது. கார்த் தகடு மட்டும் நிறம் மாறவே இல்லை. அது ஏன் என்று நேசையாவைக் கேட்டாள்.

“மோட்டார் விசயம் எங்க ஆபீஸ் இல்லே தாயி. அது போலீஸ்ல பதியுதாவ. ஒருதரம் பதிஞ்சா அதே நம்பர்தான்.”

“அப்போ எப்பவும் கறுப்புதானா?”

“நான் பாத்தமட்டும் கறுப்புதான்” என்றார் நேசையா.

அடுத்த வருஷம் புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். மேலப்பாளையத்திலிருந்து அலிமா பீவி முட்டைக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். வாரம் இரண்டு முறை பாளையங்கோட்டை உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு முட்டை கொண்டுபோவாள். போகிற வழியில் தங்கத்தாயிடம் ஒரு வாய் வெற்றிலை வாங்கிக்கொள்வது வழக்கம். பாதையின் எதிர்ப்புறம் நின்று, “தங்கத்தாயி, கொழுந்தா ரெண்டு எடுத்து வையி” என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

தெற்கே நாங்குநேரிச் சாலைப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. குழல் ஊதியது. அலிமா பீவி நடுப்பாதையில் நின்றுவிட்டாள். முன்னால் போவதா, பின்னால் போவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒரு எட்டு வைத்தாள். காரும் இரண்டு பக்கமும் ஒடித்தது. பிறகு ஒரு சத்தம். கூடை பறந்தது. அலிமா பீவி பாதை ஓரம் கிடந்தாள். வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பியிருந்தது. கார் பாலத்தின் மேட்டில் வேகம் குறைந்தது. ஓட்டியவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். நிற்கப் போகிறான் என்றுதான் தங்கத்தாய் நினைத்தாள். அவன் நிற்கவில்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாலத்தின்மேல் போய்விட்டான்.

தங்கத்தாய் ஓடிப்போய் அலிமா பீவியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மண்ணெல்லாம் மஞ்சள் கருவாக வழிந்தது. அலிமா பீவி, “அல்லாவே, முட்டை... முட்டை...” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கால் வலி அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கச்சேரி ஆட்கள் கட்டில் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் போலீஸ் ஒரு ஆளைப் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலுக்குக் கார் ஓட்டிய ஜேசுதாசன். முப்பது வயது, சாதுவான ஆள். கொழும்புக்குப் போய் மோட்டார் ஓட்டப் பழகி வந்தவன். அன்று காலை அவன் காரும் அதே பாதையில் போனது உண்மை. அதன் முன்விளக்குக் கண்ணாடி உடைந்திருந்ததும் உண்மை. முந்தின நாள் கல் தெறித்து உடைந்தது என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. கச்சேரி வாசலில் நின்ற ஒரு குமாஸ்தா, அது வக்கீல் வீட்டுக் கார்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. தூரத்தில் புழுதிக்குள் ஒரு கார் போவதைப் பார்த்தார். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் போகிற கார் அவருக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தங்கத்தாயிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஜேசுதாசனைப் பிடித்தது அவளுக்கே மூன்றாம் நாள்தான் தெரியும். அவன் மனைவி இன்பமணி, ஏழு மாத வயிற்றோடு, வெயிலில் நடந்து கடைக்கு வந்தாள்.

“அக்கா, நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்கன்னு அலிமா பீவி சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போயி அவங்க காலைப் பிடிச்சுக் கேட்டேன். எந்த வண்டின்னு அவங்க பாக்கலியாம். அதுக்குள்ள கண்ணு இருட்டிட்டாம். நீங்க பாத்தீங்களா? எங்க வண்டிதானா அது? உள்ளதைச் சொல்லுங்க.”

“உங்க வண்டி எது?”

“வக்கீல் ஐயா வீட்டு வண்டி. பச்சை வண்டி.”

“ரெட்டைப் பொத்தை, கம்பு, கம்பு, பணியாரம்” என்றாள் தங்கத்தாய். இன்பமணி விழித்தாள். “அது அன்னைக்கு முன்னாலயே போயிட்டு. இது வேற வண்டி. நான் பாத்ததே இல்லாத வண்டி. இதுக்குத் தகடு சிவப்பா இருந்துச்சு.”

இன்பமணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கத்தாய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இலையை மூடிவைத்து, கடையைப் பக்கத்துப் பழக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தங்கத்தாயை நிற்க வைத்தே கேட்டார்.

“காரோட நம்பர் பார்த்தியா?”

“பாத்தேன் ஐயா.”

“வாசிக்கத் தெரியுமா?”

“தெரியாது. போட்டுக் காட்டுதேன்.”

இடுப்பிலிருந்த சிறு டப்பாவைத் திறந்து சுண்ணாம்பைத் தொட்டு, ஸ்டேஷன் தரையில் கறுப்புக் கல்லில் விரலால் எழுதினாள். முதலில் ரெட்டைப் பொத்தை. பிறகு வாத்து, அரிவாள், நத்தை. பக்கத்தில் நின்ற ஏட்டு குனிந்து பார்த்து, “எம், எரநூத்தி எழுபத்தாறு” என்றார். அவர் குரலில் ஒரு திகைப்பு இருந்தது. வாசிக்கத் தெரியாத பெண் எழுதிய எண்கள் அச்சு மாதிரி இருந்தன.

இன்ஸ்பெக்டர் பதிவு நோட்டைப் புரட்டினார். “இந்த ஜில்லாவில் அப்படி ஒரு நம்பர் இல்லையே.”

“ஐயா, அந்தத் தகடு சிவப்பு. மத்த வண்டி மாதிரி கறுப்பு இல்லே.”

“சிவப்பா?”

“ஆமா. ஆணி அடிச்சதுமில்லே. கயித்துல கட்டித் தொங்கவிட்டிருந்தான். பாலத்துல ஏறும்போது ஆடுச்சு.”

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். கோபப்படவில்லை. “இதோ பாரும்மா. மோட்டாருக்குச் சிவப்புத் தகடே கிடையாது. கயிற்றில் கட்டித் தொங்கவிட அது என்ன மாட்டு மணியா? இந்தப் பெண் அழுதாள், நீ மனசு இரங்கி வந்துட்டே. புரியுது. போ.”

ஏட்டு மட்டும் வாசல்வரை வந்தார். “ஏட்டி, பொய் சாட்சி சொன்னா உன்னையும் உள்ள வைப்பாவ. பாத்து இரி” என்றார் பைய.

வெளியே வந்ததும் இன்பமணி அழுதாள். தங்கத்தாய்க்கு அழுகை வரவில்லை. அவமானமாகவும் அவள் நினைக்கவில்லை. அவளுக்குள் ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. எல்லாக் காருக்கும் கறுப்பு என்றால், இதற்கு மட்டும் ஏன் சிவப்பு? நிறம் சும்மா மாறாது என்பது அவளுக்குத் தெரியும். பச்சை நீலமாவதற்குக் காரணம் இருந்தது. கோட்டுக்குக் காரணம் இருந்தது. சிவப்புக்கும் இருந்தே ஆகவேண்டும்.

மறுநாள் நேசையா வந்ததும் வெற்றிலையைக்கூட எடுக்கவிடாமல் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

“உனக்கு நல்லாத் தெரியுமா? ரத்தமோ, வெயிலோ, வண்டி நிறமோ கண்ணுல பட்டிருக்கலாம்லா?”

“ஐயா, அடிச்ச பெயிண்டுக்கு மேல பெயிண்டு அடிச்சதை இங்கன இருந்து கண்டுபிடிக்கேன். சிவப்பும் கறுப்பும் தெரியாதா எனக்கு?”

“ஒரு சட்டப் புஸ்தகம் இருக்கு, மோட்டார் வண்டி விதிகள்னு. கலெக்டர் கச்சேரி ரெக்கார்டு ரூம்ல பாத்த ஞாபகம். எடுத்துக் குடுப்பாவளான்னு கேக்கேன்” என்றார் நேசையா. அவர் முகத்திலும் அவளுடைய கேள்வி ஒட்டிக்கொண்டது.

புத்தகம் உடனே கிடைக்கவில்லை. ரெக்கார்டு குமாஸ்தா லீவில் இருந்தார். நேசையா மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கச்சேரிப் படியேறினார். வண்டி வரிக் குமாஸ்தாவுக்கு மோட்டார் விதி எதற்கு என்று ஒருவர் கேட்டார். “ஒரு சந்தேகம்” என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் புத்தகம் கைக்கு வந்தது. இங்கிலீஷ், பொடி எழுத்து. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். பதினேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு அவர் பாலத்தடிக்கு வந்தார். வெயில் கொளுத்தியது.

“தங்கத்தாயி, இருக்கு! சிவப்புத் தகடு இருக்கு.”

“எதுக்காம்?”

“கார் விக்கிற கம்பெனிக்கு. விக்காத வண்டியை ஆளுக்குக் காட்டுததுக்கு ஊர் ஊராக் கொண்டுபோவாவ இல்லே, அந்த வண்டி ஒருத்தர் பேருலயும் பதிஞ்சிருக்காது. அதனால கம்பெனிக்குன்னு ஒரு நம்பர் குடுத்து, சிவப்புத் தகட்டுல போட்டுக்கிடச் சொல்லியிருக்கு. அந்த ஒரே தகட்டை இன்னைக்கு ஒரு வண்டியில மாட்டலாம், நாளைக்கு இன்னொரு வண்டியில மாட்டலாம்.”

தங்கத்தாயின் முகம் மலர்ந்தது. “அதான் கயித்துல கட்டியிருக்கான்! கழட்டி மாட்டுததுக்கு.”

“அதேதான்” என்றார் நேசையா. “நீ கயிறுன்னு சொன்னதுக்கு இன்ஸ்பெக்டர் மாட்டு மணியான்னு கேட்டாராம்லா. இப்போ அதுதான் பிடி.”

விதியைக் கையால் நகல் எடுத்து, இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தங்கத்தாயைப் பார்த்து, “அன்றைக்கு நீ கயிறு என்று சொன்னாயே, என்ன கயிறு?” என்று கேட்டார்.

“சணல் கயிறு ஐயா. வலது மூலையில ரெண்டு முடிச்சு. இடது மூலையில ஒண்ணுதான். அதான் ஒருபக்கம் சாஞ்சு இருந்துச்சு.”

“ஏட்டு, இந்தம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

மெட்ராசுக்குத் தந்தி போனது. அந்த நம்பர் அங்கே ஒரு கார்க் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்ட சிவப்புத் தகடுதான் என்று மறுநாளே பதில் வந்தது. கம்பெனியின் ஆள் தாணுமாலையன் என்பவன், நாகர்கோவிலிலிருந்து நாங்குநேரி வழியாக மதுரைவரை ஒரு புதுக் காரைப் பணக்காரர் வீடுகளுக்குக் காட்டிக்கொண்டு போயிருக்கிறான். மதுரையில் ஒரு சத்திரத்தில் அவனைக் கண்டுபிடித்தார்கள். போலீசைப் பார்த்ததும் அவன் மறைக்கவில்லை. “அந்தம்மா உசிரோட இருக்காங்களா?” என்றுதான் முதலில் கேட்டானாம்.

அவன் சொன்னது இவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது சனம் ஓடிவந்தது. தெரியாத ஊர், அடித்துவிடுவார்கள் என்று பயம். புது வண்டிக்கு ஏதாவது ஆனால் கம்பெனிக்கு என்ன சொல்வது என்று இன்னொரு பயம். தச்சநல்லூர் தாண்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் போகலாமா என்று யோசித்தான். போகவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஜேசுதாசன் பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. நேரே கடைக்குத்தான் வந்தான்.

“அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்யணும்?”

தங்கத்தாய் யோசித்தாள். “உங்க வண்டியோட தகடு எப்பவும் கறுப்பாவே இருக்கே. மழையில அடிபட்டு எழுத்து அழிஞ்சா யாரு எழுதுதா? நீங்களே எழுதலாமா, போலீஸ்லதான் எழுதணுமா?”

ஜேசுதாசன் அழுகையும் சிரிப்புமாக, “நாமளே எழுதலாம்க்கா. அளவு மட்டும் மாறக்கூடாது” என்றான்.

தாணுமாலையனுக்குக் கோர்ட்டில் அபராதம் விதித்தார்கள். அது முடிந்த அன்று அவன் மேலப்பாளையத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனான். அலிமா பீவி காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்திருந்தாள். அவள் மருமகள் ஷரீபா பீவி அவனை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் நகராமல் நின்றான். உள்ளேயிருந்து அலிமா பீவிதான், “அவனை விடு புள்ளே. திரும்பிப் பாத்தவன் நிக்கலியேன்னுதான் எனக்கு வருத்தம். இப்போ வந்து நிக்கான்லா” என்றாள். அவள் மன்னித்தாளா என்று கேட்டால், அடுத்த வாக்கியத்தில் அவள் கேட்டது, “ரெண்டு எட்டு நான் தப்பா வச்சேன், நீ எதுக்குடா ரெண்டு பக்கமும் ஒடிச்ச?” என்பது. அவன் அதற்கும் நின்றபடி பதில் சொன்னான். பயத்தில் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று தனக்கே தெரியவில்லை என்றான்.

அலிமா பீவியின் கால் கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. வீடு வீடாக நடக்க முடியாது என்றானபின், தங்கத்தாய் தன் சாக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கு விரித்தாள். முட்டை வேண்டியவர்கள் பாலத்தடிக்கே வந்து வாங்கத் தொடங்கினார்கள். இரண்டு பெண்களும் நாள் முழுக்கச் சளசளவென்று பேசிக்கொண்டே வியாபாரம் செய்தார்கள். அலிமா பீவிக்குத் தகடுகளில் சுவாரசியமே கிடையாது. கார் குழல் ஊதினால் மட்டும் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

இன்பமணிக்கு மார்கழியில் பெண் பிறந்தது. அந்த வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் பலகாரம் நேசையா கையில் வந்தது.

அடுத்த வருஷம் மாசி மாதம் தாணுமாலையன் மறுபடியும் அந்த வழியாக வந்தான். இந்தத் தடவை பாலத்தடியில் காரை நிறுத்தினான். குழல் ஊதவில்லை. இறங்கி வந்து அலிமா பீவியை விசாரித்தான். அவள் இரண்டு முட்டையை எடுத்து நீட்டி, “உடையாமக் கொண்டு போ” என்றாள்.

தங்கத்தாயோ அதற்குள் காரின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். சிவப்புத் தகட்டை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். கயிறு போய் இப்போது தோல்வார் வந்திருந்தது.

“இந்தப் பொத்தை மாதிரி எழுத்து என்னது?”

“எம். மெட்ராசைக் குறிக்கும்மா.”

“மெட்ராஸ்ல ரெட்டைப் பொத்தை இருக்கா?”

“இல்லியே. கடல்தான் இருக்கு.”

“பொறவு எதுக்கு இப்படி எழுதுதாவ?” என்றாள். அவள் பார்வை தகட்டுக்கு மேலே மாட்டியிருந்த சிறு எண்ணெய் விளக்குக்குப் போனது. பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி. ஆனால் தகட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கண்ணாடி. “ஒரே விளக்குக்கு எதுக்கு ரெண்டு கண்ணாடி?”

“வெள்ளை வெளிச்சம் தகட்டுல விழும், நம்பர் தெரியும். சிவப்பு, பின்னால வாரவனுக்கு.”

“ஏத்திக் காட்டும்.”

“இந்தப் பட்டப்பகல்லயா?”

“ஏத்தும்வே.”

அவன் தீப்பெட்டியை எடுத்தான். பாலத்தில் ஏற வந்த இரண்டு பாரவண்டிகள் பின்னால் நின்றுவிட்டன. வண்டிக்காரன் ஒருவன், “அக்கா, வெத்திலை!” என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. மண்ணில் முழந்தாளிட்டு, வெயில் படாமல் முந்தானையை விளக்கின்மேல் பந்தல் போல விரித்துப் பிடித்துக்கொண்டு, தகட்டின்மேல் அந்தச் சின்ன வெளிச்சம் எதுவரை எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.